இருவர் உழைப்பில் எழுந்த வீடும் ஒருவரின் கையொப்பமும்

மீலாது மேடைகளிலும் மகளிர் பயான்களிலும் நாம் பெருமையோடு எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்து ஆளும் உரிமையை இங்கிலாந்து 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே முழுமையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னர், திருமணம் முடிந்ததும் அவளுடைய உடைமை கணவனின் ஆளுகைக்குள் போய்விடும். இஸ்லாமோ ஏழாம் நூற்றாண்டிலேயே மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்று வகுத்துவிட்டது. இச்செய்தி உண்மையே. ஆயினும் மேடையை விட்டு இறங்கி நம் தெருவுக்குள் நுழையும்போது, இந்தப் பெருமையைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் பலரும் கண்டும் கேட்டும் இருக்கக்கூடிய நிலை இது. மனைவியின் நகை முதலில் அடகுக் கடைக்குப் போகிறது, பிறகு விற்கப்படுகிறது. அந்தப் பணத்தில் மனை வாங்கப்படுகிறது. கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தில் மிச்சம் பிடித்து, கொத்தனாருக்குக் கூலி கொடுத்து, சிமெண்டு மூட்டையை எண்ணி இறக்கி, வீட்டை எழுப்புபவள் மனைவி. பத்திரம் கணவர் பெயரில் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, வியாபார நட்டத்தை ஈடுகட்ட அவ்வீடு விலை பேசப்படுகிறது. முன்பணம் கைமாறிய பிறகே அவளுக்குச் செய்தி தெரிகிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் அவளுடைய கையொப்பத்தை யாரும் கேட்பதில்லை. ஜமாஅத்தில் முறையிட்டால், "கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு, இதுதானே ஷரீஅத்" என்ற பதில் வருகிறது. மேடையில் அவளுக்காகப் பேசப்பட்ட விதியே பள்ளிவாசல் திண்ணையில் அவளுக்கு எதிராகத் திரும்புகிறது.

முஸ்லிம்களின் வரலாறு இந்தப் பதிலோடு நின்றுவிட்டதா என்பதே நாம் இங்கே பார்க்க விரும்புவது.

முதலில் அந்த விதியின் மேன்மையைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. இறைத்தூதரின் (ஸல்) துணைவியார் மைமூனா (ரலி) தமக்கு உரிமையான அடிமைப் பெண் ஒருவரை நபிகளாரிடம் கேளாமலேயே விடுதலை செய்தார், பின்னரே தெரிவித்தார். அச்செயல் செல்லாது என்று நபிகளார் சொல்லவில்லை. தாய்மாமன்மாருக்குக் கொடுத்திருந்தால் நன்மை இன்னும் கூடியிருக்கும் என்ற கருத்தை மட்டுமே தெரிவித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) கைத்தொழில் செய்து ஈட்டியதைக் கணவர் மீதும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகள் மீதும் செலவிட்டார். அது தர்மமாகுமா என்று கேட்டபோது, இரட்டை நன்மை உண்டு என்று விடை கிடைத்தது. தன் பொருளைக் கொடுத்தால்தானே அது தர்மம்? அவருடைய ஈட்டம் அவருடையதே என்பது அந்த விடையிலேயே அடங்கியிருக்கிறது.

பிற்கால மத்ஹபுகளுள் மாலிக்கி அறிஞர்கள் மட்டும் ஒரு வரம்பு வைத்தனர். மனைவி தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடையாகக் கொடுக்க முனைந்தால் கணவனின் இசைவு வேண்டும் என்றனர். ஆனால் அந்த வரம்பு ஈடு பெறாத கொடைக்குத்தான். உரிய விலைக்கு விற்பதற்கு அல்ல. ஷாஃபிஈ, ஹனஃபி அறிஞர்கள் இந்த வரம்பையும் ஏற்கவில்லை.

இந்தத் தனியுரிமை எவ்வளவு பெரிய காப்பு என்பதை நமக்கு அருகிலுள்ள இலங்கையை வைத்தே அறியலாம். அங்கே 1876ஆம் ஆண்டின் மண உரிமை, வாரிசுரிமைச் சட்டம், மனைவி தன் நிலத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூல இசைவு வேண்டும் என்றது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதே நிபந்தனையை விதித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து முஸ்லிம்களுக்கு விலக்கு இருந்தது. ஆகவே ஒரே தீவில், ஒரே மொழி பேசிய இரு பெண்களுள் முஸ்லிம் பெண் தன் காணியை யாரையும் கேளாமல் விற்க முடிந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கணவனின் கையெழுத்து தேவைப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வாதங்கள் அனைத்தும் மனைவியின் சொத்து எது, கணவனின் சொத்து எது என்று பிரித்துக் காட்ட முடிந்த இடத்தைப் பற்றியவை. மஹர், தந்தை வழி வந்த பங்கு, பிறந்த வீட்டார் தந்த அன்பளிப்பு ஆகியவற்றில் சிக்கல் இல்லை. இருவர் உழைப்பும் ஒன்றில் கலந்து, பெயர் மட்டும் ஒருவருடையதாக இருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனம், ஆண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பெண்கள் ஈட்டியதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கருத்தைத் தருகிறது. பத்திரத்தில் இருப்பது யாருடைய பெயர் என்று அவ்வசனம் கேட்கவில்லை. ஈட்டியவர் யார் என்றே கேட்கிறது.

இக்கேள்வி கலீஃபா உமர் (ரலி) முன்னிலைக்கே வந்ததாக மாலிக்கி நூல்களில் ஒரு செய்தி உண்டு. அம்ர் இப்னு அல்ஹாரிஸ் துணி வெளுக்கும் தொழிலர். அவருடைய மனைவி ஹபீபா பின்த் ஸுரைக் துணிகளில் தையல் வேலைப்பாடு செய்பவர். இருவருடைய உழைப்பில் பொருள் பெருகியது. கணவர் இறந்ததும் அவருடைய வாரிசுகள் வந்து சரக்கறைகளின் திறவுகோல்களைக் கைப்பற்றித் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். ஹபீபா வழக்குத் தொடுத்தார். இது கூட்டு உழைப்பின் பொருள். எனவே பாதி கூட்டாளி என்ற முறையில் அவருடையது என்று உமர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். பிள்ளைகள் இல்லாததால், எஞ்சிய பாதியில் கால்பங்கு மனைவி என்ற முறையில் அவருக்கு வந்தது. எட்டில் ஐந்து பங்கு! வாரிசுரிமை மட்டும் பார்த்திருந்தால் எட்டில் இரண்டுதான் கிடைத்திருக்கும். முதலில் கூட்டாளியின் பங்கைப் பிரித்து வைப்பது, பிறகு இறந்தவரின் சொத்து எது என்று கணக்கிடுவது: இந்த வரிசைதான் பின்னால் நாம் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

மொரோக்கோவின் வடக்கு மலைப்பகுதியான குமாராவில் இந்த வழி தொடர்ந்தது. அங்கே பெண்கள் விதைப்பு, அறுவடை, கால்நடை என எல்லாவற்றிலும் ஆண்களோடு சேர்ந்து உழைத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் ஷஃப்ஷாவன் நகரத்துக் காழி இப்னு அர்தூன் (ரஹ்), இப்பெண்களுக்கு விளைச்சலில் உழைப்புக்கு ஏற்ற பங்கு உண்டு என்று ஃபத்வா அளித்தார். நகரத்து அறிஞர்கள் சிலர் மறுத்தனர். இன்றுவரை அந்த ஃபத்வா பேசப்படுகிறது. 2004ஆம் ஆண்டு மொரோக்கோ குடும்பச் சட்டத்தின் 49ஆம் பிரிவும், மணவாழ்வில் ஈட்டிய பொருளைப் பற்றித் தம்பதியர் தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம், ஒப்பந்தம் இல்லையேல் இருவரின் உழைப்பும் கருதப்படும் என்றே அமைந்திருக்கிறது.

ஆனால் நமது கேள்விக்கு, அதாவது விற்பனைக்கு மற்றவரின் இசைவு வேண்டுமா என்பதற்கு, மிக நேரடியான விடையை எழுதியது இந்தோனேசியா. நம் கடற்கரை ஊர்களுக்கு அந்நாடு அந்நியமன்று. 1345 வாக்கில் சுமத்ராவின் பசை அரசுக்குச் சென்ற இப்னு பதூதா, அங்குள்ள சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதாக எழுதினார். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மரக்காயர்களின் மத்ஹபும் அதுவே. ஒரே கடலின் இரு கரையில் ஒரே ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்கள் நாம். அந்த நூல்களோடு அவர்கள் தம் வயல்வெளியின் வழக்கத்தையும் எவ்வாறு பொருத்தினார்கள் என்பது நமக்குப் பாடமாகக்கூடியது.

தீவுக்குத் தீவு பெயர் வேறு, பொருள் ஒன்றே. ஜாவாவில் கோனோ-கினி, ஆச்சேயில் ஹரேத்தா சிஹரேகாத், மினாங்கபாவில் ஹர்த்தா சுவாராங். சட்ட மொழியில் ஹர்த்தா பெர்சாமா, கூட்டு உடைமை. (ஹர்த்தா என்பது அர்த்தம் என்ற வடசொல்லின் மலாய் வடிவம், 'அர்த்தசாஸ்திரம்' என்னும்போது நாம் கொள்ளும் பொருள்தான்.) ஜாவாவில் பழைய பங்கீட்டு அளவுக்கு ஒரு தொடர் உண்டு: சகெந்தோங் சபிக்குல். பிக்குல் என்பது நம் காவடித்தண்டு போன்றது; ஆண் இரு முனைகளிலும் கூடை தொங்கவிட்டுத் தோளில் சுமப்பான். கெந்தோங் என்பது பெண் ஒரு கூடையைத் துணியால் முதுகில் கட்டிச் சுமப்பது. எனவே அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. சந்தைக்குச் செல்லும் வழியில் இருவர் சுமந்த பாரத்தையே பங்குக்கு அளவாக வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். அளவில் வேறுபாடு இருந்தாலும், அவளும் சுமந்தாள் என்பதை யாரும் மறுக்கவில்லை.

தெற்குக் கலிமந்தானில் பஞ்சார் மக்கள் இதை ஹர்த்தா பெர்பந்தாங்கான் என்பர். மக்கா மதீனாவில் பல்லாண்டு கற்றுத் திரும்பி 'ஸபீலல் முஹ்ததீன்' என்ற ஃபிக்ஹு நூலை மலாயில் எழுதிய முஹம்மது அர்ஷத் அல்பஞ்சாரி (ரஹ்) அவர்களின் கருத்தாகவே பஞ்சார் மரபு இதைச் சொல்லிவருகிறது. மனைவியும் சேர்ந்து வயலிலும் ஆற்றங்கரை வாணிபத்திலும் உழைக்கும் ஊரில், ஈட்டம் முழுவதையும் கணவனின் சொத்தாகக் கணக்கிட்டு வாரிசுகளுக்குப் பிரிப்பது அநீதி என்பது அதன் சாரம். 1926ல் சுரபாயாவில் கூடிய நஹ்ளத்துல் உலமாவின் முதல் மாநாடும் கோனோ-கினிப் பங்கீடு பற்றிய கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆகும் என்று விடையளித்தது.

எதிர்ப்பு இல்லாமல் இருந்ததா? இருந்தது, அதை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. கணவன் மீது மனைவியின் உணவும் உடையும் உறைவிடமும் கடமை. அதற்கு மேல் அவனுடைய சொத்தில் பாதியை எடுப்பது பிறர் பொருளை முறையின்றி உண்பதாகாதா என்று கேட்டனர். மேலும், ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டு வணிகத்தின் வகைகளுள் முதல் போட்டுச் செய்யும் 'இனான்' மட்டுமே செல்லும். உழைப்பை மட்டும் முதலாக வைக்கும் 'அப்தான்' கூட்டு செல்லாது. அப்படியிருக்க, ஒப்பந்தமே பேசாத கணவன் மனைவியைக் கூட்டாளிகள் என்பது எப்படி?

இதற்கு விடை தேடியவர்களுள் ஆச்சேயைச் சேர்ந்த அறிஞர் இஸ்மாயீல் முஹம்மது ஷா குறிப்பிடத்தக்கவர். கணவன் மனைவியின் கூட்டு ஈட்டத்தை அவர் உழைப்புக் கூட்டாகவே விளக்கினார். உழைப்புக் கூட்டை ஹனஃபி, மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகள் ஏற்றிருக்கின்றன. ஷாஃபிஈகள் மறுத்ததற்குக் காரணம், ஒருவர் உழைப்பு எவ்வளவு, மற்றவர் உழைப்பு எவ்வளவு என்று தெரியாத ஏமாற்றத்துக்கு அதில் இடமுண்டு என்பதே. ஆனால் ஒரே அடுப்பில் உண்டு, ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களிடையே அந்த அச்சம் எவ்வளவு பொருந்தும்? ஊரறிந்த வழக்கம், வாயால் பேசிய நிபந்தனைக்கு நிகராகும் என்பதும் ஃபிக்ஹின் அறியப்பட்ட அடிப்படைதான். வழக்கத்தை மட்டும் காரணம் காட்டுவதைவிட, கூட்டாளி என்று காட்டும் வாதமே வலுவானது என்று நமக்குப் படுகிறது. ஏனெனில் கூட்டாளி என்று ஒப்புக்கொண்டவுடன் விற்பனைக்கான இசைவு தானாகவே பின்தொடர்ந்து வருகிறது.

எப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பிரிக்கப்படாத நிலத்திலோ வீட்டிலோ கூட்டாளியாக இருப்பவர், தம் பங்கையே விற்பதாக இருந்தாலும், முதலில் மற்றக் கூட்டாளிக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஜாபிர் (ரலி) அறிவிக்கும், முஸ்லிம் நூலில் உள்ள ஹதீஸின் கருத்து. ஷுஃப்ஆ எனப்படும் முன்னுரிமை இதன் மீதே எழுந்தது. தம் பங்குக்கே இந்த நிலை. மற்றவரின் பங்கையும் சேர்த்து விற்றால்? உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் பொருளை விற்பவரை ஃபிக்ஹு 'ஃபுளூலி' என்கிறது. ஹனஃபி, மாலிக்கி மத்ஹபுகளில் அந்த விற்பனை உரிமையாளர் இசையும் வரை தொங்கலில் நிற்கும். அவர் மறுத்தால் விழுந்துவிடும். ஷாஃபிஈ மத்ஹபின் நிலைபெற்ற கருத்திலோ அது தொடக்கத்திலேயே செல்லாது. பக்கத்துக் கடைக்காரரோடு கூட்டாக வாங்கிய மனையை அவரிடம் சொல்லாமல் விற்பதை நம்மில் யாரும் நியாயம் என்று சொல்லமாட்டோம். நகையைக் கழற்றிக் கொடுத்தவள் மனைவி என்பதாலேயே அவள் உரிமை கடைக்காரரின் உரிமையைவிடக் குறைந்துபோகுமா?

இனி இந்தோனேசியச் சட்டத்தின் கதை. விடுதலைக்குப் பின்னும் இவ்வழக்குகள் அரசு நீதிமன்றங்களில் வழக்காற்று முறைப்படியே தீர்க்கப்பட்டன. மணவாழ்வில் கிடைத்த பொருள் கணவனின் முயற்சியால் மட்டுமே வந்திருந்தாலும் கோனோ-கினியே என்று 1956ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973ல் அரசு கொண்டுவந்த திருமணச் சட்ட மசோதா நாட்டையே உலுக்கியது. முஸ்லிம் மாணவர்கள் நாடாளுமன்ற மண்டபத்துக்குள்ளேயே நுழைந்து எதிர்த்தனர். மதக் கடமைக்குப் புறம்பான திருமணம், தத்தெடுப்பு போன்றவற்றைப் பற்றியே சீற்றம். மசோதா திருத்தப்பட்டு 1974ஆம் ஆண்டின் 1ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. அதன் 35ஆம் பிரிவு, மணவாழ்வில் ஈட்டியவை கூட்டு உடைமை என்கிறது. மணத்துக்கு முன் கொண்டுவந்தவையும், கொடையாகவோ வாரிசுரிமையாகவோ தனக்கு வந்தவையும் அவரவர் ஆளுகையில் இருக்கும். 36ஆம் பிரிவு, கூட்டு உடைமையில் கணவனோ மனைவியோ எது செய்வதானாலும் இருவரின் இசைவோடு செய்ய வேண்டும் என்கிறது.

1985ல் உச்ச நீதிமன்றமும் சமய அமைச்சகமும் இணைந்து, மார்க்க நீதிமன்றங்களுக்கான சட்டத் தொகுப்பு ஒன்றை உருவாக்கத் தொடங்கின. நீதிபதி புஸ்தானுல் ஆரிஃபீன் முன்நின்று நடத்திய பணி அது. முப்பத்தெட்டு ஃபிக்ஹு நூல்கள் ஆராயப்பட்டன. ஆச்சே முதல் லொம்போக்கின் மத்தாரம் வரை உலமாக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. 1988ல் ஜகார்த்தாவில் அறிஞர்கள் கூடி வரைவை விவாதித்தனர். இதற்கிடையே 1989ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு உடைமை வழக்குகளை மார்க்க நீதிமன்றங்களிடமே ஒப்படைத்தது. 1991 ஜூனில் அதிபரின் ஆணையாகத் தொகுப்பு வெளிவந்தது.

அதன் வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. 86ஆம் பிரிவு, திருமணத்தால் மட்டுமே கணவனின் சொத்தும் மனைவியின் சொத்தும் கலந்துவிடுவதில்லை என்ற பழைய ஃபிக்ஹு விதியை அப்படியே நிலைநிறுத்துகிறது. அதற்கு முந்தைய 85ஆம் பிரிவோ, கூட்டு உடைமை இருப்பதால் தனி உடைமை இல்லாமற்போவதில்லை என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. மைமூனா (ரலி) அவர்களின் உரிமையும் ஹபீபாவின் உரிமையும் ஒரே பக்கத்தில் இடம்பெற்றுவிட்டன என்றே நாம் இதைப் படிக்கிறோம். பின்னர் 92ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தில் அமைகிறது: மற்றவரின் இசைவின்றிக் கூட்டு உடைமையை விற்கவோ மாற்றவோ கணவனுக்கும் அனுமதி இல்லை, மனைவிக்கும் அனுமதி இல்லை. அடகு வைப்பதற்கும் அதே இசைவு வேண்டும். சூதாட்டம், குடி, ஊதாரித்தனம் ஆகியவற்றால் கூட்டு உடைமைக்கு ஆபத்து வந்தால், மணமுறிவு கேட்காமலேயே அதைக் காப்பில் வைக்குமாறு மார்க்க நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது 95ஆம் பிரிவு. குடும்பத்தின் சீர்குலைவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்தவர்கள் எழுதிய பிரிவு என்று தோன்றுகிறது.

ஆகையால் அங்கே நிலத்தை விற்கும்போது பத்திரம் எழுதும் அலுவலர் விற்பவரின் அடையாள அட்டையோடு திருமணப் புத்தகத்தையும் கேட்பார். மணமானவர் என்றால் துணையின் கையொப்பமும் வேண்டும். இதனால் வாங்குபவருக்கும் நிம்மதி. ஒப்புதல் இல்லாமல் நடந்த விற்பனையை நீக்கக் கோரி மற்றவர் நீதிமன்றம் செல்ல முடியும் என்பதால், வாங்குபவரே முதலில் மனைவியைத் தேடுவார்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பதிவு செய்யாமல் நடக்கும் நிக்காஹ்களில் திருமணப் புத்தகம் இராது. புத்தகம் இல்லாத மனைவிக்கு இந்தக் காப்பு எட்டுவது கடினம். அடையாள அட்டையில் மணமாகாதவர் என்றே வைத்திருந்து விற்றுவிடும் கணவர்களும் உண்டு. பலதார மணத்தில் யாருடைய காலத்தில் எது ஈட்டப்பட்டது என்ற கணக்கு வேறு. ஒவ்வொரு திருமணத்தின் கூட்டு உடைமையும் தனித்தனி என்று தொகுப்பு சொன்னாலும், அதை நிறுவுவது எளிதன்று. உழைத்தது எவ்வளவு என்று பாராமல் பாதி என்று வைத்ததில் நமக்கே ஓர் ஐயம் உண்டு. வாழ்நாள் முழுவதும் மனைவி தையல் பொறியில் கால் மிதித்துச் சம்பாதிக்க, கணவன் சும்மா இருந்த வீட்டில், இதே பாதி அவளுக்கு எதிராகவும் திரும்பும். இப்னு அர்தூன் சொன்ன "உழைப்புக்கு ஏற்ப" என்பது அந்த இடத்தில் கூடுதல் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் விற்பனைக்கு இசைவு வேண்டும் என்ற விதிக்கு இந்த ஐயம் தடையன்று. பங்கு பாதியாயினும் பத்தில் ஒன்றாயினும் கூட்டாளி கூட்டாளியே.

மலேசியாவில் வாழும் தமிழ் முஸ்லிம்களுக்கு ஹர்த்தா செப்பென்சாரியான் என்ற சொல் பழகியது. 1984ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம், 122ஆம் பிரிவில், சொத்தை ஒருவரே ஈட்டியிருந்தாலும் மற்றவர் வீட்டையும் குடும்பத்தையும் பேணிய உழைப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. சமையலும் பிள்ளை வளர்ப்பும் அங்கே காசாக எண்ணப்படுகின்றன. ஆனால் இந்தப் பிரிவு மணமுறிவின்போது பங்கிடுவதற்கானது; மணவாழ்வு தொடரும்போது நடக்கும் விற்பனையை அது தடுப்பதில்லை.

நம் ஊர்களில் இவற்றுள் எதுவும் இல்லை. இந்தியாவின் முஸ்லிம் தனியார் சட்டத்தில் தம்பதியரிடையே கூட்டு உடைமை என்ற கருத்து கிடையாது. பத்திரத்தில் உள்ள பெயரே பேசும். கணவர் இறந்தால் பிள்ளைகள் உள்ள மனைவிக்கு எட்டில் ஒன்று. 40 லட்ச ரூபாய் வீட்டில் 5 லட்சம். அவ்வீட்டில் பாதி அவளுடைய உழைப்பின் பங்கு என்று முதலில் பிரித்து வைத்திருந்தால், 20 லட்சமும், மற்றப் பாதியில் எட்டில் ஒன்றாக இரண்டரை லட்சமும் சேர்ந்து 22½ லட்சம் ஆகியிருக்கும். இரண்டாவது கணக்கில் வாரிசுரிமை விதியின் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது, இறந்தவரின் சொத்து எது என்ற முதற்கேள்விக்கான விடை மட்டுமே.

ஆயினும் நம் மரபுக்குள் ஒரு வழி வேறு உருவத்தில் இருந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே வாழ்வதும் நெடுங்கால வழக்கம். கடல் கடந்து வாணிபத்துக்குப் போகும் ஆண்களின் ஊரில், குடும்பம் தங்கும் கூரை பெண்ணின் பெயரில் இருந்தது. கொழும்பிலோ மலாயாவிலோ வியாபாரம் நொடித்தாலும் கணவன் அந்த வீட்டை விற்க முடியாது. விற்க வேண்டுமானால் அவள்தான் கையெழுத்திட வேண்டும். எந்தச் சட்டமன்றமும் இயற்றாத 92ஆம் பிரிவு அது. இதற்கு விலையாக, சகோதரிகளுக்கு வீடு கட்டியே இளமையைக் கழித்த அண்ணன் தம்பிகளின் கதைகளும் அவ்வூர்களில் ஏராளம். அது தனியே எழுத வேண்டியது.

அந்த வழக்கம் இல்லாத நம் மற்ற ஊர்களில், சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நிக்காஹின்போதோ பின்னரோ தம்பதியர் தமக்குள் நிபந்தனை எழுதிக்கொள்வதை ஷரீஅத் தடுக்கவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கணவன் மனைவியை விலக்கிவைக்கவும் இல்லை. நகை விற்ற பணம் எவ்வளவு, அது எந்த மனைக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும், நாளை ஜமாஅத்தில் பேசுவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். அதைவிட உறுதியான வழி, வாங்கும் நாளிலேயே இருவர் பெயரிலும் பத்திரம் பதிவது. அப்போது விற்பனைக்கு இருவரின் கையொப்பமும் தேவைப்படும். யாரும் ஃபத்வா கேட்க வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் வரும் இடத்தில் இன்னொரு பெயரைச் சேர்க்க, பத்திர எழுத்தருக்கு ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும்.